கனகராஜை எந்த இல்லத்தில் சேர்ப்பது

ஈப்போ மேரு பேருந்து நிலையத்தில் தெற்கே போகும் பஸ்களுக்கு டிக்கெட் அடித்துக் கொடுக்கிற துளசியிடம் போய், "அக்கா, நான் எப்படிப்பட்ட ஆளு?" என்று யாராவது கேட்டால், "எந்த ஊருக்கு டிக்கெட்?" என்பாள். வேலை நேரத்தில் அவளிடமிருந்து அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. ஆனால் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, முகமது இப்ராஹிம் நடத்தும் உணவகத்தின் மாடியில், அவளுக்கு எதிரே கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டால் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவாள். சொன்னதோடு விடாமல் மணிக்கட்டில் ஒரு கயிற்றையும் கட்டி அனுப்புவாள். அந்தக் கயிற்றுக்காகக் கோலா கங்சாரிலிருந்தும் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்தும் ஆட்கள் புறப்பட்டு வந்தார்கள் என்றால் சிரிக்கத்தான் தோன்றும். வந்தார்கள், சண்டையும் போட்டார்கள்.

விஷயம் இதுதான். கடல் நடுவே ஒரு பழைய கோட்டை, அதற்குள் ஒரு பள்ளிக்கூடம், அங்கே படிக்கும் பிள்ளைகளின் கதை. தடித்தடியாக எட்டுப் புத்தகங்கள். ஆங்கிலத்தில் வந்து மலாயிலும் வந்துவிட்டது. கோட்டைக்குள் நான்கு இல்லங்கள் உண்டு. எதிலும் முதல் ஆளாய்ப் புறப்பட்டுப் போகிறவர்களுக்கு விளக்கு இல்லம். என்ன நடந்தாலும் இடத்தைவிட்டு அசையாமல் நின்று மற்றவர்களைத் தாங்குகிறவர்களுக்கு நங்கூர இல்லம். எதையும் நோண்டிப் பார்க்காமல் தூக்கம் வராதவர்களுக்குச் சாவி. நாலு பேரைக் கூட்டிச் சேர்த்துக் காரியம் சாதிக்கிறவர்களுக்கு மணி. புதிதாக வரும் பிள்ளையை வாயிற்காவலர் கோட்டைக் கதவருகே நிறுத்திச் சில கேள்விகள் கேட்டுவிட்டு, இன்ன இல்லம் என்று சொல்லிக் கயிறு கட்டுவார். அதற்குமேல் அப்பீல் கிடையாது. பெரிய இடத்துப் பிள்ளை, சிபாரிசு என்றெல்லாம் அங்கே நடக்காது. குணம் ஒன்றுதான் கணக்கு.

துளசிதான் அந்த மாடியில் வாயிற்காவலர். நாற்பது தாண்டிய பொம்பளைக்கு இது தேவையா என்று அவளுடைய மாமியாரே கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுப் போகட்டும். ஒருத்திக்குக் கோயில் பஜனை, இன்னொருத்திக்கு டிவி சீரியல் என்று இருக்கும்போது துளசிக்கு ஒரு கோட்டை இருந்தால் யார் குடி முழுகிவிடப் போகிறது?

முதல் புத்தகம் அவள் கைக்கு வந்ததே சிலிம் ரிவருக்குப் போன ஒரு மாணவி அதைக் கவுண்டரில் மறந்துவிட்டுப் போனதால்தான். தேடி வருவாள் என்று எடுத்து வைத்தாள். அவள் வரவே இல்லை. பஸ் இல்லாத மத்தியான நேரத்தில் சும்மா புரட்டிப் பார்த்தவள், புரியாத சொல்லுக்குப் போனைத் தட்டித் தட்டி, வாயிற்கதவு வரும் அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு சின்னப் பெண்ணை உட்கார வைத்து, உனக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயம், எப்போது கோபம் வரும் என்று ஒரு பெரிய மனிதர் பொறுமையாகக் கேட்கிறார். அவ்வளவுதான். துளசிக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆசாமி பதறிப்போய், பஸ் ஏதும் ரத்தாகிவிட்டதா என்று கேட்டார்.

அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. மலேசியாவில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் இல்லம் புதிதல்ல. விளையாட்டுப் போட்டிக்கென்று ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகளைச் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று பிரித்துவிடுவார்கள். துளசி படித்த ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அண்ணன் எந்த நிறமோ தங்கைக்கும் அதே நிறம் என்பது வழக்கம். அண்ணனுக்குச் சின்னதாகிப்போன சட்டையைத் தங்கை போட்டுக்கொள்ளலாம், வீட்டில் புதிதாக வாங்க வேண்டாம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். துளசியின் அண்ணன் மஞ்சள், அதனால் அவளும் மஞ்சள். அவளுக்குப் பச்சைதான் பிடிக்கும். அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முழங்கால்வரை தொங்கிய மஞ்சள் சட்டையோடு ஓடிக் கடைசியாக வந்தாள். உனக்கு என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டவர்கள் அந்தத் தோட்டத்தில் யாரும் இல்லை. புத்தகத்தில் ஒருவர் கேட்டதும் தாங்க முடியவில்லை.

மாதாமாதம் மாடியில் கூடும் இந்த வாசகர் கூட்டத்தை ஆரம்பித்தவள் இஃபத். உணவகத்துக்காரர் இப்ராஹிமின் மகள். கல்லாவையும் பார்த்துக்கொண்டு, எட்டுப் புத்தகத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பவள். முதல் கூட்டத்தில் இணையத்தில் கிடைக்கும் வினாத்தாளைத்தான் எல்லாருக்கும் கொடுத்தாள். வந்த அத்தனை பேரும் விளக்கு இல்லமாகிவிட்டார்கள். எந்தப் பதிலைத் தொட்டால் விளக்கு வரும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது, தன்னைப் பயந்தாங்கொள்ளி என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? மூலையில் உட்கார்ந்திருந்த துளசி, பக்கத்திலிருந்தவளிடம் மெதுவாக, "அந்த ஸைஃபுல் தம்பி விளக்கு இல்லலா. வந்ததுலேருந்து ஃபேன் ஏன் சத்தம் போடுதுன்னு எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே இருக்காரு. சாவி" என்றாள். அது இஃபத் காதில் விழுந்தது. அடுத்த மாதமே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "அக்கா, நீங்களே உக்காருங்க" என்று சொல்லிவிட்டாள்.

துளசியின் கேள்விகளில் வாளும் கிடையாது, மந்திரமும் கிடையாது. எல்லாம் கவுண்டரிலிருந்து எடுத்தவை. வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒருவர் நுழைந்தால் என்ன செய்வீர்கள்? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் உங்கள் தோளில் தூங்கி விழுந்தால்? இத்தனை வருடமாக மனிதர்களை அவசரத்தில் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பழகியிருந்தது. ஒரே ஒரு கொள்கை வைத்திருந்தாள். ஆசைப்பட்ட இல்லம் கிடையாது, இருக்கிற இல்லம்தான். கயிறு வாங்க வருபவர் ஆசைப்பட்டாலும் சரி, கட்டுகிற துளசி ஆசைப்பட்டாலும் சரி. ஸைஃபுல் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு சாவிப் படம் போட்ட சட்டையை அவனே தைத்துப் போட்டுக்கொண்டு வந்தான்.

மாடியில் இப்படி வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகப் பேசுகிறவள், சொந்த வீட்டில் நேர்மாறு. புருஷன் கனகராஜ் எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "உங்க இஷ்டம்லா." சுவருக்கு என்ன சாயம் அடிக்கலாம்? உங்க இஷ்டம்லா. ஞாயிற்றுக்கிழமை மீனா, கோழியா? உங்க இஷ்டம்லா. ஒருமுறை அவன் கடுப்பாகி, "கறுப்புச் சாயம் அடிச்சிடவா?" என்று கேட்டான். அதற்கும் அவள் உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

அது அடக்கமும் இல்லை, பயமும் இல்லை. அவள் பிறந்த வீட்டில் கற்றுக்கொண்ட ஜாக்கிரதை. தோட்டத்தில் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டார்கள், பிறகு செம்பனையையும் அழித்து வீட்டு மனை போட்டார்கள். லயத்து வீட்டு ஜனங்கள் மூட்டை கட்டியபோது அவளுடைய அப்பாவுக்குக் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலை கிடைத்தது. அம்மா, சொந்தபந்தத்தை விட்டு அவ்வளவு தூரம் வரமாட்டேன் என்று அழுதார். அப்பா போகவில்லை. ஈப்போவில் புந்தோங் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு அப்பா கண்ணை மூடும்வரை அந்த வீட்டில் எது குறைந்தாலும் "உன்னாலதான்" என்ற ஒரு சொல்தான். கூரை ஒழுகினால் உன்னாலதான். கரண்டு போனால் உன்னாலதான். அம்மா பதில் பேசாமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த துளசி, கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒரு முடிவு எடுத்திருந்தாள். எந்த ஆம்பளையையும் எதிலிருந்தும் தான் தடுக்கப் போவதில்லை. அந்தச் சொல் தன் பக்கம் திரும்பவே கூடாது.

கனகராஜ் சுண்ணாம்புக்கல் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். பெரிய உடம்பு, சின்னக் குரல். குளிக்கும்போது சுருதியே சேராமல் பாடுவான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசி ஓய்ந்து, உறவு பேசி ஓய்ந்து, கடைசியில் அவர்கள் இருவரும்கூடப் பேசி ஓய்ந்திருந்தார்கள். இருப்பது இரண்டு பேர் என்று ஆனபிறகு, அந்த இரண்டாவது ஆள்மீது துளசிக்கு உயிர். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னவள் இல்லை.

போன வருடம் லோரி நிறுவனம் ஈப்போ கிளையை மூடிவிட்டது. கனகராஜ் சில மாதம் கிடைத்த வேலையைச் செய்தான். அப்போதுதான் தனேஸ்வரன் போன் செய்தான். முன்பு இதே நிறுவனத்தில் ஒன்றாக லோரி ஓட்டியவன், இப்போது ஜொகூரில் துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டி ஏற்றிப் போகிறவன். "மச்சான், இங்க கெர்ஜா நிறைய இருக்கு, வேலைக்கு ஆளுதான் பத்தல. என் ரூம்லயே ஒரு கட்டில் காலியா கிடக்கு. மாசத்துக்கு ஒரு தடவ வீட்டுக்குப் போலாம். வா."

கனகராஜ் அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டான். "தனேஸ் கூப்பிடுறான். போகவா?"

"உங்க இஷ்டம்லா."

"உனக்கு என்ன தோணுது?"

"எனக்கென்ன தோணப் போவுது? உங்களுக்கு நல்லதுன்னு பட்டா போங்க."

மறுநாள் துணி காயப்போடும்போது கேட்டான். அதே பதில். காரில் போகும்போது கேட்டான். அதே பதில். இவ்வளவு தடவை கேட்கிறாரே, போகத்தான் ஆசைப்படுகிறார், நாம் வாயைத் திறந்து கெடுத்துவிடக் கூடாது என்று துளசி நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அவன் போவது பிடிக்கவில்லை. துளியும் பிடிக்கவில்லை. வேலை முடிந்து வந்து, யாரும் இல்லாத வீட்டுக் கதவைத் திறந்து, ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போட வேண்டும். நினைத்ததை விழுங்கிவிட்டு வேறு வேலை பார்த்தாள்.

அந்த மாதக் கூட்டத்துக்கு வழக்கம்போல அவன்தான் காரில் கொண்டுவந்து விட்டான். அவன் மாடிக்கு ஏறியதே இல்லை. கீழே இப்ராஹிமோடு தே தாரிக் குடித்தபடி பந்தாட்டம் பேசிக்கொண்டிருப்பான். அன்றைக்கு மேலே நல்ல கூட்டம். நூருல் என்று ஒரு பெண், மருந்தியல் படிக்கிறவள், தனக்கு விளக்குதான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். வந்த ஐந்து நிமிடத்தில் முன்பின் தெரியாத எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்துப் படம் எடுத்துவிட்டிருந்தாள். "மணி" என்று துளசி சொன்னதும் மாடியே சிரித்தது. நூருல் கையை நீட்டிவிட்டு, "அக்கா, கொஞ்சம் யோசிச்சிப் பாருங்களேன்" என்று கெஞ்சினாள். துளசி கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அடுத்த ஆளாகக் கனகராஜ் நின்றிருந்தான்.

சட்டையை உள்ளே விட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். ஸைஃபுல்தான் முதலில் பேசினான். "அண்ணே, புத்தகம் படிச்சிட்டீங்களா?"

"படிக்கலலா. படிக்காதவன கோட்டைக்குள்ள விடமாட்டீங்களா?"

எல்லாரும் கை தட்டினார்கள். வாயிற்காவலரின் புருஷனுக்கு என்ன இல்லம் என்று பார்க்க நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். துளசிக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இருந்தாலும் வேலை என்று வந்துவிட்டால் வேலைதான். நாற்காலியைக் காட்டினாள். அவன் உட்கார்ந்தான்.

"பஸ் ஸ்டாண்டுக்கு வர்றீங்க. நீங்க ஏற வேண்டிய பஸ் கண்ணு முன்னாலயே போயிடுது. என்ன செய்வீங்க?"

"உக்காந்துடுவேன். அடுத்தது வரும்ல."

"வரலன்னா?"

"வீட்டுக்குத் திரும்பிடுவேன். வீடு அங்கதானே இருக்கும், அது எங்க போவப் போவுது?"

சிரிப்பு எழுந்தது. துளசி சிரிக்கவில்லை. "கோட்டையில புயல் அடிக்குது. கூட்டாளிங்க எல்லாம் படக எடுத்துக்கிட்டு உதவி தேடிப் போறாங்க. நீங்க?"

"நான் கதவப் பிடிச்சிக்கிட்டு நிப்பேன். போனவங்க திரும்பி வந்தா யாராச்சும் திறக்கணும்ல."

"உங்களுக்கு எது ரொம்பப் பயம்?"

கனகராஜ் தன் கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "உன்ன விட்டுட்டு ரொம்ப நாளு இருக்குறது" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். பின்வரிசையில் யாரோ ஒரு பெண் தன் சினேகிதியின் தோளில் சாய்ந்தாள்.

புத்தகத்தின் மேலட்டையை மட்டும் பார்த்தவன்கூட இதற்கு நங்கூரம் என்று சொல்லியிருப்பான். இஃபத் நங்கூரத்துக்கான நீலக் கயிற்றை எடுத்து நீட்டவே செய்தாள். துளசி அதை வாங்கவில்லை. அவளுக்கு உள்ளே பயம் பிடித்துக்கொண்டது. நங்கூரம் என்று இப்போது நான் சொன்னால், அது இவருடைய குணமா, என்னுடைய ஆசையா? போகாதே என்று சொல்ல வீட்டில் வாய் வராமல், இத்தனை பேர் நடுவில் கயிற்றைக் கட்டி உட்கார வைக்கிறேனா? நாளைக்கு ஒன்று குறைந்தால் உன்னாலதான் என்ற அந்தச் சொல் தேடிக்கொண்டு வந்து நிற்குமே. இத்தனை நாள் எல்லாருக்கும் சொன்ன கொள்கையைத் தனக்கென்று வரும்போது உடைப்பதா? அவன் சொன்ன கடைசிப் பதிலைக்கூட, கூட்டத்துக்காக விளையாட்டாகச் சொல்கிறார் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தன் ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்ற பிடிவாதத்தில் கண்ணுக்கு எதிரே இருந்த மனிதனைத் தள்ளிவிட்டாள். எந்தப் பயணியிடமும் அவள் இப்படி ஏமாந்தது கிடையாது.

"விளக்கு இல்லம்" என்றாள்.

கை தட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் சிலர் தட்டினார்கள். இஃபத் புருவத்தைத் தூக்கினாள். கனகராஜ் துளசியைப் பார்த்துக் கேட்டான்.

"விளக்குன்னா முன்னால போறவங்கதானே?"

"ஆமா."

"சரி" என்று கையை நீட்டினான். அவள் ஆரஞ்சுக் கயிற்றைக் கட்டினாள். புத்தகத்தின் பக்கமே போகாத மனிதனுக்கு விளக்கின் அர்த்தம் எப்படித் தெரிந்தது என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. திரும்பும் வழியில், சிக்னலில் நின்றபோது, அவன் போனை எடுத்தான். "தனேஸ், நான் வாரேன்லா. முதலாளிகிட்ட சொல்லிடு."

அதற்குப் பிறகு வீட்டில் காரியங்கள் கிடுகிடுவென்று நடந்தன. மருத்துவப் பரிசோதனை, லைசென்ஸ் புதுப்பிப்பு, புதுப் போர்வை. துளசி இஞ்சி ஊறுகாய் போட்டாள். மசாலாத்தூளைப் பாட்டில் பாட்டிலாக நிரப்பினாள். அவன் அதிகம் பேசவில்லை. புது இடத்துக் கவலை என்று அவள் எடுத்துக்கொண்டாள். குளியலறையில் பாட்டுச் சத்தம் நின்றுவிட்டதை மட்டும் கவனித்தாள். அவள் அதே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்து, "பெரிய துண்டு ஒண்ணு கூட வெச்சிருக்கேன்" என்று சாதாரணமாகச் சொன்னாள். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் இப்படிக் கஷ்டப்படுத்திக்கொள்ள முடியுமா என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். பார்க்க அங்கே யார் இருந்தார்கள்?

புறப்படும் நாளில் அவளுக்குக் காலை வேலை. ஜொகூருக்குப் போகும் பஸ் அவளுடைய கவுண்டர் பஸ்தான். கட்டின புருஷனை ஊரைவிட்டு அனுப்ப அவளே டிக்கெட் அடித்தாள். ஜன்னலோரமா என்று கேட்டாள், அவன் தலையை ஆட்டினான். டிக்கெட்டைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளும்போது விரல் படவில்லை. "பசியாறிட்டுத்தானே வந்தீங்க?" என்றாள். "ம்" என்றான். பின்னால் வரிசை நின்றதால் பையைத் தூக்கிக்கொண்டு கீழே பஸ் நிற்கும் இடத்துக்கு இறங்கிப் போனான்.

சற்று நேரத்தில் இஃபத் வியர்க்க வியர்க்க வந்து சேர்ந்தாள். கையில் தப்பாவ் பொட்டலம். வழியில் சாப்பிடச் சொல்லி அவளுடைய அத்தா இப்ராஹிம் கட்டிக் கொடுத்த பிரியாணி.

"அண்ணன் ஏறிட்டாரா அக்கா?"

"கீழ இருக்காரு. கொண்டு குடுத்துடு."

இஃபத் நகரவில்லை. கண்ணாடியின் ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "அக்கா, கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். அன்னிக்கு ஏன் விளக்குன்னு சொன்னீங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"அன்னிக்கு மேல வர்றதுக்கு முன்னாடி அண்ணன் என்கிட்டதான் உக்காந்து கேட்டாரு. ஒவ்வொரு இல்லத்துக்கும் என்ன அர்த்தம்னு. நங்கூரம் வந்தா இருக்கச் சொல்றதா அர்த்தம், விளக்கு வந்தா போகச் சொல்றதா அர்த்தம், அப்படி எடுத்துக்கலாம்லன்னு கேட்டாரு. நான் சிரிச்சிட்டேன். ஏன் அண்ணே, நேரா அக்காகிட்டயே கேக்கலாம்லன்னேன். வீட்டுல எத்தன தடவ கேட்டாலும் உங்க இஷ்டங்கிறா இஃபத், மேல அந்த நாற்காலியில உக்காந்தா மட்டும்தான் உள்ளதச் சொல்றா, அதான் அங்கயே கேட்டுடலாம்னு இருக்கேன்னாரு. ஒரு வேள நீங்க அவரப் போகத்தான் சொல்றீங்களோன்னு நானும் வாய மூடிக்கிட்டேன்."

வரிசையில் முதலாவதாக நின்றவர் ஐம்பது வெள்ளித் தாளை நீட்டிக்கொண்டிருந்தார். துளசி அதைப் பார்த்தாள், வாங்கவில்லை. கவுண்டரின் பக்கக் கதவைத் திறந்தாள். பஸ் புறப்படும் நேரத்தில் அந்த நாற்காலியிலிருந்து அவள் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. "எங்கம்மா போறீங்க?" என்று வரிசை கத்தியது. அவள் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

டிரைவர் பத்துமலை இன்ஜினை ஓடவிட்டுவிட்டுக் கதவைச் சாத்தப் போனார். ஒரு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டாலும் அவரைப் பிடித்துக் காய்ச்சுகிறவள் துளசிதான். இன்று அவளே கதவைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்று ஏறியதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் ஓடவில்லை.

கனகராஜ் நடுவில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பை மேலே கம்பித் தட்டில் இருந்தது. அவளைக் கண்டதும் எழப் பார்த்தான். "என்ன, ஏதாச்சும் விட்டுட்டு வந்துட்டேனா?"

"நான் அன்னிக்குப் பொய் சொன்னேன். நீங்க விளக்கு இல்ல."

"எனக்கே தெரியும்லா."

"தெரிஞ்சிக்கிட்டேவா கிளம்புனீங்க?"

"நீ பொய் சொல்ற ஆளு இல்லயே. சொல்லி அனுப்புறன்னா, நான் போறதுதான் உனக்கு நல்லதுன்னு நெனச்சேன். வேல இல்லாம வீட்டுல கெடக்குறவன எத்தன நாளு பாத்துக்கிட்டு இருப்ப?"

துளசி நின்ற இடத்திலேயே சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் அவளே டிக்கெட் அடித்துக் கொடுத்திருந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் வெட்கப்பட அவளுக்கு நேரம் இல்லை.

"எனக்கு நல்லது இல்ல. நீங்க போறது எனக்குப் பிடிக்கல. தனேஸண்ணன் போன் பண்ணுன அன்னிலேருந்து பிடிக்கல. நாளைக்கு வீட்டுல எது குறைஞ்சாலும் உன்னாலதான்னு சொல்லுங்க. எங்கப்பா மாதிரி தினமும் சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன். ஆனா போகாதீங்க."

கனகராஜின் முகம் ஒரு மாதிரி கோணி, பிறகு நேரானது. முன்சீட்டில் இருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கனகராஜ் மேலே இருந்த தன் பையைப் பார்த்தான்.

"அவனுக்கு வாக்குக் குடுத்துட்டேனே துளசி. எனக்காக முதலாளிகிட்ட பேசி வெச்சிருக்கான். அவன்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். போனக் குடுங்க."

அவன் தயங்கித் தயங்கிக் கொடுத்தான். தனேஸ்வரன் உடனே எடுத்தான். "மச்சான், ஏறிட்டியா?"

"அண்ணே, நான் துளசி பேசுறேன். அவரு வரல."

"ஏன் தங்கச்சி, என்னாச்சி? மச்சானுக்கு உடம்பு ஏதும் சரியில்லயா?"

நல்ல சாக்கு அது, தனேஸ்வரனே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான். காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யார் மேலும் பழி வராது. துளசி கனகராஜைப் பார்த்தாள். அவனும், சொல்லிவிடேன் என்பதுபோல அவளைப் பார்த்தான்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்றாள். பஸ் முழுக்கக் கேட்டது. "அவரு வர்றதுக்குத் தயாராத்தான் இருந்தாரு. நான்தான் போக வேணாம்னு சொன்னேன்."

கனகராஜ் எழுந்து, மேலே கையை நீட்டிப் பையை இறக்கினான்.